கிராமத்து ரயிலும் மாறிவரும் பிரயாணப் பழக்கமும்

நம் நாட்டில் இருப்புப்பாதை போடப்பட்ட நாள் முதல் ரயில் வண்டி கிராம மக்களின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தே வந்திருக்கிறது. விளைபொருள்கள் சந்தைக்குச் சென்றதும், பிள்ளைகள் மேல்படிப்புக்காகப் பட்டணம் சென்றதும், நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றதும் ஒரு காலத்தில் பெரும்பாலும் ரயிலில்தான். இன்று நிலைமை வேறு. வீட்டு வாயிலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஊர் முனையில் பஸ் வருகிறது. பல சிறு ஸ்டேஷன்களில் பகலில் ஓரிரு வண்டிகளே நிற்கின்றன. சில ஊர்களில் ஸ்டேஷன் கட்டடம் இருந்த இடமே புதர் மண்டிக் கிடக்கிறது.

இந்நிலையில், கிராமத்து ரயிலுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பே. இது ரயில்வே அதிகாரிகள் மட்டும் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் இதில் ஆற்ற வேண்டிய பங்கு பெரிது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு உதாரணமாகக் காவிரிப் பாசனப் பகுதியின் கிளைப் பாதைகளை எடுத்துக் கொள்வோம்.

ஜில்லா போர்டு போட்ட பாதை

இந்தியாவில் பிரயாணிகளுக்கான முதல் ரயில் 1853-ம் ஆண்டு பம்பாயிலிருந்து தானா வரை ஓடிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1856-ல், சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பாதை திறக்கப்பட்டது. இவற்றை நடத்தியவை இங்கிலாந்தில் மூலதனம் திரட்டிய கம்பெனிகள். துறைமுகத்துக்கும் பெரிய நகரங்களுக்கும் இடையே சரக்குகளைக் கொண்டு செல்வதே அவற்றின் முதற் கவலை. உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கிளைப் பாதை போடுவதில் அவற்றுக்கு அவ்வளவு அக்கறை இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது எது? தஞ்சாவூர் ஜில்லா போர்டுதான். நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தைச் சேமித்து, தானே இருப்புப்பாதை போட அது முன்வந்தது. அதன் பயனாக 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. ஸ்தல ஸ்தாபனம் ஒன்று இந்தியாவில் முதன்முதலில் போட்ட இருப்புப்பாதை இதுவே. பின்னர் இப்பாதை அறந்தாங்கி வரை நீண்டது. 1915-ல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கும், 1926-ல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் கிளைகள் அமைந்தன. திருநெல்வேலி ஜில்லா போர்டும் இதே வழியைப் பின்பற்றித் திருச்செந்தூர்ப் பாதையை 1923-ல் திறந்தது.

நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் தங்கள் நிலத்துக்குச் செலுத்திய தீர்வையால் உண்டான பாதைகள் இவை. கிராம மக்களுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு வெறும் டிக்கட் வாங்குவோர், விற்போர் உறவு அன்று என்பதை நினைவில் வைப்பது நல்லது.

பழக்கம் மாறிய விதம்

மக்களின் பிரயாணப் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் பஸ் வந்தது. 1967-க்குப் பின் தமிழகத்தில் பஸ் போக்குவரத்து படிப்படியாக அரசுடைமை ஆயிற்று. 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. ரயில் போகாத ஊர்களுக்கும் பஸ் போயிற்று. அது கடைத்தெருவிலேயே நின்றது. வேண்டிய இடத்தில் ஏறி இறங்க முடிந்தது. 1997-ல் மினி பஸ்கள் வந்து, பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களையும் எட்டின. அதன்பின் தவணை முறையில் மோட்டார் சைக்கிள் வாங்குவது எளிதாகியது. பக்கத்து ஊருக்குப் போவதற்கு யாரும் கால அட்டவணையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

இதற்கிடையில் ரயில் பாதைகளே நீண்ட காலம் மூடப்பட்டுக் கிடந்தன. நம் கிளைப் பாதைகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு பாதைகள். இவற்றையெல்லாம் 1,676 மில்லி மீட்டர் அகலமுள்ள அகலப் பாதைகளாக மாற்றும் திட்டம் 1992-ல் தொடங்கிற்று. இது மிகவும் அவசியமான வேலை. இரு வேறு அகலங்கள் இருந்தால், பாதை மாறும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டும். பிரயாணிகளும் வண்டி மாற வேண்டும். ஆயினும், வேலை முடிய ஆன காலம் மிக அதிகம். மதுரை–போடிநாயக்கனூர் பாதையில் 2010-ம் ஆண்டின் இறுதியில் வண்டி நின்றது. தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் அகலப் பாதையில் ரயில் வந்தது. ரயில் நின்ற ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ரயில் திரும்பி வந்தபோது பள்ளிப் படிப்பையே முடிக்கும் தறுவாயில் இருந்தது. அத்தனை காலமும் ஊரார் வேறு வழியில் போய்ப் பழகிவிட்டனர்.

பின்னர் வந்தது கொரோனா நோய். 2020 மார்ச்சு மாதம் நாடெங்கும் பிரயாணி ரயில்கள் நிறுத்தப்பட்டன. அவை மீண்டும் ஓடத் தொடங்கியபோது, எல்லா ஸ்டேஷன்களிலும் நின்று செல்லும் சாதாரணப் பாசஞ்சர் வண்டிகள் பல விரைவு வண்டிகளாகக் கணக்கிடப்பட்டன. குறைந்தபட்சக் கட்டணம் ரூ. 10-லிருந்து ரூ. 30 ஆயிற்று. கீரைக்கட்டும் மோர்ப்பானையும் எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு பெண்ணுக்கு ரூ. 20 ஆன செலவு ரூ. 60 ஆயிற்று. அவருடைய நாளொன்றின் இலாபத்தில் இது சிறு பகுதி அன்று. 2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியது. ஆனால் அதற்குள், 2021 மே மாதம் முதல், சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லத் தமிழக அரசு ஏற்பாடு செய்திருந்தது. அவ்வசதி கிடைத்த ஊர்களில் பெண்கள் பஸ்ஸை நாடியதில் வியப்பில்லை.

இந்திய ரயில்வே முழுமைக்கும் உள்ள கணக்கும் இதையொட்டியே இருக்கிறது. 1950-51-ல் சுமார் 128 கோடிப் பிரயாணங்கள் நடைபெற்றன. இத்தொகை வளர்ந்து 2018-19-ல் சுமார் 840 கோடியை எட்டியது. கொரோனாவுக்குப் பின் மீண்டும் ஏறிய போதிலும், 2023-24-ல் அது சுமார் 690 கோடியாகவே இருந்தது. பெருநகரங்களின் புறநகர் வண்டிகளும் இக்கணக்கில் அடங்கும். ரயிலை விட்டு விலகிய பிரயாணிகளில் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை என்பதையே இது காட்டுகிறது.

ரயிலின் பலமும் பலவீனமும்

அப்படியாயின் ரயிலின் காலம் முடிந்துவிட்டதா? இதற்கு விடை காண, ரயிலின் இயல்பை அறிய வேண்டும்.

எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. தார் ரோட்டில் ரப்பர் சக்கரத்தை உருட்டத் தேவையான சக்தியில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும். பத்துப் பெட்டிகள் கொண்ட ஒரு பாசஞ்சர் வண்டியில் சுமார் 900 பேர் உட்காரலாம். இவர்களைக் கொண்டு செல்லப் பதினெட்டுப் பஸ்கள் வேண்டும். பதினெட்டு டிரைவர்கள் வேண்டும். ரோட்டில் நெரிசல் இல்லை. விபத்தும் மிகக் குறைவு. முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அலுங்காமல் குலுங்காமல் செல்லலாம். பெட்டியிலேயே கழிப்பறை இருப்பது நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பலவீனங்களும் உண்டு. ரயில் வீட்டு வாயிலுக்கு வராது. ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். மேலும், வண்டியில் பத்துப் பேர் சென்றாலும் ஆயிரம் பேர் சென்றாலும் பாதைப் பராமரிப்பு, சிக்னல், கேட்டு, ஸ்டேஷன் ஆகியவற்றின் செலவு ஏறத்தாழ ஒன்றே. பிரயாணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதமே கட்டணத்தால் கிடைக்கிறது என்று 2016-ல் ரயில்வே தன் டிக்கட்டிலேயே அச்சடித்தது. எஞ்சியதைச் சரக்கு வண்டிகளின் வருமானமே பெரும்பாலும் ஈடு செய்கிறது. ஆகவே, கூட்டம் நிறைந்தால் ரயிலைப் போல் மலிவான வாகனம் இல்லை; கூட்டம் குறைந்தால் ரயிலைப் போல் செலவு பிடிக்கும் வாகனமும் இல்லை. கிராமத்து ரயிலின் எதிர்காலம் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைகிறது.

மூடிய பாதைகள் கற்பித்தவை

நஷ்டம் என்ற காரணத்தால் பாதைகளை மூடிய அனுபவம் பல நாடுகளுக்கு உண்டு. பிரிட்டனில் 1963-ம் ஆண்டு டாக்டர் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களையும், சுமார் 8,000 கிலோ மீட்டர் பாதையையும் மூடிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டது. கிளைப் பாதையை மூடினால், மக்கள் பஸ்ஸிலோ காரிலோ பெரிய ஸ்டேஷனுக்கு வந்து அங்கிருந்து ரயில் ஏறுவார்கள் என்று எதிர்பார்த்தனர். காரில் ஏறியவர்களில் பலர், போக வேண்டிய இடம் வரை காரிலேயே போய்விட்டனர். கிளைக்கு ஏற்பட்ட நஷ்டம் மூலப் பாதையையும் தொட்டது.

அந்நாட்டில் ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதிப் பாதை 1969-ல் மூடப்பட்டது. நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2015-ல், எடின்பரோ நகரிலிருந்து ட்வீட்பாங்க் வரை சுமார் 48 கிலோ மீட்டர் பாதையைப் பெரும் செலவில் மறுபடியும் போட்டனர். முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் அதிகமான பிரயாணங்கள் நடந்தன. இது எதிர்பார்த்ததைவிட மிகவும் அதிகம்.

நம் ஜில்லா போர்டுப் பாதைகளின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 1976-ல் மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2011-ல், அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. மன்னார்குடியிலிருந்து வண்டி மாறாமல் சென்னை செல்ல மன்னை எக்ஸ்பிரஸ் வந்தது. மறுபுறம், 1987-ல் மூடப்பட்ட தரங்கம்பாடிப் பாதை திரும்பவில்லை. சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தைப் பஸ்ஸில் கடந்து மக்கள் பழகிவிட்டனர். மூடிய பாதை ஒவ்வொன்றும் திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. தூரம் குறைவாகவும் பிரயாணிகள் சொற்பமாகவும் உள்ள இடத்தில் நல்ல பஸ்ஸே போதும். ஆனால் ஒரு முறை மூடிய பாதையைத் திறக்க ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும் என்பதை மறக்கலாகாது.

பாதை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அதே பகுதியில் சான்று உண்டு. திருவாரூர்–காரைக்குடிப் பாதை 2012-ல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2019-ல் முழு நீளத்துக்கும் வண்டி ஓடிற்று. ஆளில்லாத லெவல் கிராசிங்குகள் அகலப் பாதைகளில் இருக்கக் கூடாது என்று அதே ஆண்டின் தொடக்கத்திற்குள் நாடெங்கும் ஏற்பாடு ஆகியிருந்தது. ஆனால் இப்பாதையில் இருந்த ஏராளமான கேட்டுகளுக்குப் போதிய ஆட்கள் நியமிக்கப்படவில்லை. கேட்டுக் காவலர்கள் வண்டியிலேயே சென்றனர். முன்னால் இருந்தவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார்; வண்டி கடந்து நிற்கும்; பின்னால் இருந்தவர் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். இப்படி ஒவ்வொரு கேட்டிலும் நின்று சுமார் 150 கிலோ மீட்டர் செல்ல ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பஸ்ஸில் இதைவிட விரைவாகப் போகலாம் என்னும்போது, அவசர வேலையுள்ளவர் ரயிலை ஏன் நாடுவார்? கேட்டுகளுக்கு ஆட்கள் வந்த பின்னரே பிரயாண நேரம் குறைந்தது. இத்தகைய வண்டியில் கூட்டமில்லை என்று கணக்கெடுத்து, அதைக் கொண்டே மக்களுக்கு ரயில் வேண்டாம் என்று முடிவு செய்வது, நீர் விடாத வயலைப் பார்த்து மண் சரியில்லை என்பதற்கு ஒப்பாகும்.

விரைவு வண்டியும் கிராமமும்

ரயிலின் எதிர்காலம் என்றதும் இன்று வேகமான வண்டிகளைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஜப்பானில் 1964-ம் ஆண்டிலேயே டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் 2019-ல் புதுடில்லி–வாரணாசிப் பாதையில் முதல் வந்தே பாரத் வண்டியும், 2022-ல் சென்னை–மைசூர் பாதையில் தென்னாட்டின் முதல் வந்தே பாரத் வண்டியும் புறப்பட்டன. இவை பெருமைக்குரிய வளர்ச்சிகள். தூரதேசப் பிரயாணம் செய்வோருக்கு இவற்றால் பெரும் நன்மை உண்டு.

ஆனால், வேகமான வண்டி அடிக்கடி நிற்க முடியாது. நின்றால் அதன் வேகம் போய்விடும். ஆகவே சிறு ஊர்களில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு வந்து பெரிய ஸ்டேஷனில் சேர்க்கும் வண்டி வேறொன்று வேண்டும். காவிரிப் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடினாலும், கிளை வாய்க்கால் தூர்ந்து போனால் கடைமடை வயல் நனையாது. கிராமத்துப் பாசஞ்சர் வண்டியே அந்தக் கிளை வாய்க்கால்.

இவ்வேலைக்கு ஏற்ற வண்டிகளும் இன்று உள்ளன. டெமு, மெமு என்று அழைக்கப்படும் வண்டிகளில் தனி என்ஜின் கிடையாது. பெட்டிகளுடனேயே இயந்திரம் அமைந்திருக்கிறது. முன்னது டீசலாலும் பின்னது மின்சாரத்தாலும் ஓடும். இவை நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகம் பிடிப்பதால், பல ஸ்டேஷன்களில் நின்றாலும் அதிக நேரம் வீணாவதில்லை. கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுபுறம் மாட்ட வேண்டிய வேலையும் இல்லை. ஆகவே ஒரே வண்டி ஒரு நாளில் அதிகத் தடவை போய்வரக் கூடும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ரயிலை ஓட்டுவது மத்திய அரசின் பொறுப்பு. ஆயினும், பிரயாணி ஸ்டேஷனுக்கு வந்து சேரும் வழியில் பெரும்பகுதி ரயில்வே எல்லைக்கு வெளியே, நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நம் பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டிய சில காரியங்களைக் கீழே கூறுகிறோம்.

முதலாவது, ஸ்டேஷனுக்குச் செல்லும் ரோடு. விடியற்காலை வண்டிக்கும் இரவு வண்டிக்கும் போவோர் இருட்டில் சேற்றில் நடக்க வேண்டியிருந்தால் ரயிலை விட்டுவிடுவர். சிறப்பாகப் பெண்கள் விட்டுவிடுவர். அந்த ஒரு ரோட்டைச் செப்பனிட்டு நாலைந்து விளக்குகள் போடுவது பஞ்சாயத்தின் சக்திக்கு உட்பட்டதே. லெவல் கிராசிங்குக்குப் பதிலாகக் கட்டிய சுரங்கப் பாதையில் மழைநீர் தேங்கினால், அதை அளவு, தேதி விவரங்களுடன் உடனே ரயில்வேக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது, பஸ் நேரம். காலை 7 மணிக்கு ரயில் வந்து, ஊருக்குப் போகும் பஸ் 6-50-க்கே போய்விட்டால் இரண்டும் பயனற்றவை. மினி பஸ்களுக்கு 2025-ல் அரசு புதிய திட்டமொன்றைத் தொடங்கியது. இத்தகைய பஸ்களின் வழியையும் நேரத்தையும் வகுக்கும்போது, ஸ்டேஷனைத் தொட்டுச் செல்லும்படி வட்டாரப் போக்குவரத்து அதிகாரியிடமும் போக்குவரத்துக் கழகக் கிளையிலும் கேட்கலாம்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. "எங்கள் ஊரில் வண்டி நிற்க வேண்டும்" என்று மட்டும் எழுதும் மனுவுக்கு அதிகப் பலன் இருப்பதில்லை. ஊரிலுள்ள வீடுகளில் ஒரு வாரம் விசாரித்து, எத்தனை பேர், எந்த ஊருக்கு, எந்த நேரத்தில், எந்த வேலையாகச் செல்கின்றனர் என்று பட்டியல் தயாரிக்க வேண்டும். படித்த இளைஞர்கள் இதை எளிதில் செய்து கொடுப்பர். பக்கத்துப் பஞ்சாயத்துகளும் சேர்ந்துகொண்டால் மனுவின் வலிமை கூடும். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, பட்டியலையும் இணைத்து, கோட்ட ரயில்வே மேலாளருக்கும், பார்லிமெண்டு உறுப்பினருக்கும், ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்பலாம். பத்து நிமிஷம் முன்னதாக வண்டி வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் நூறு பேர் ஏறுவர் என்று கணக்கோடு காட்டும்போது, அதைத் தள்ளிவிடுவது எவருக்கும் எளிதன்று.

நான்காவது, டிக்கட் வாங்குவது. ஒரு ஸ்டேஷனின் தேவையை அங்கு விற்கும் டிக்கட்டுகளைக் கொண்டே ரயில்வே அளக்கிறது. டிக்கட் இல்லாமல் செல்பவர் ரூ. 10 மிச்சப்படுத்துவதாக எண்ணுகிறார். ஆனால் அவர் கணக்கில் இல்லாத பிரயாணி ஆகிறார். அவருடைய ஊரில் ஏறுவார் இல்லை என்றே ஏட்டில் பதிவாகும். நாள்தோறும் செல்வோர் சீசன் டிக்கட் வாங்கினால் செலவு மிகவும் குறையும். பயணத் தேவையும் ஏட்டில் நிலைபெறும்.

ரயில் நின்றுபோனால் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு அதிகக் கஷ்டம் இல்லை. வண்டி ஓட்டத் தெரியாத மூதாட்டிக்கும், தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு மாதந்தோறும் செல்லும் நோயாளிக்கும், பெட்ரோலுக்குப் பணமில்லாத கூலிக்காரருக்கும், கல்லூரி செல்லும் ஏழை மாணவிக்குமே கஷ்டம். இவர்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவது அரிது. ஆகையால் இவர்களுக்காகப் பேசும் கடமை பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இருக்கிறது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நிலத்தீர்வை கொடுத்து இருப்புப்பாதையே போட்டனர். நாம் போட வேண்டுவது ஸ்டேஷன் வரை ஒரு நல்ல ரோடு. எழுத வேண்டுவது கணக்கோடு கூடிய ஒரு மனு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஸ்டேஷன் ரோட்டையும் வண்டி நேரத்தையும் பஞ்சாயத்துகள் சேர்த்துக் கொள்ளும் என்று நம்புகிறோம்.